மேற்கே சத்தமில்லாமல் மின்னியது

போன செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை ஐந்தரை மணி. பினாங்குத் தீவில் பத்து மாவுங் என்ற ஊரில் படகைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தேன். பாயான் லெப்பாஸ் குன்றுகளுக்குப் பின்னால், மேற்கே மின்னியது. இடிச் சத்தம் இல்லை. பழுதான ட்யூப்லைட் எரிவதற்கு முன்னால் துடிக்குமே, அந்த மாதிரி வானத்தின் அடிவிளிம்பு மட்டும் வெட்டி வெட்டி அடங்கியது. "எங்கேயோ சுமத்ரா பக்கம்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னது சரிதான். அது நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

நான் மீனவன் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் டெக்னீஷியன். தூண்டில் பைத்தியம் முற்றி, நாலு வருஷத்துக்கு முன் பதினேழு அடி ஃபைபர் படகு ஒன்றை 40 எச்பி எஞ்சினோடு ஒரு தவுக்கேயிடமிருந்து (சீன முதலாளி) 14,000 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) செகண்ட்ஹேண்டில் வாங்கியவன். எங்கள் தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் தொங்கான் என்ற சரக்குப் படகில் மூட்டை இறக்கியவர். அந்த ரத்தம் இருக்கிறது, கடல் நமக்குப் பழக்கம் என்று ஒரு திமிர் உள்ளுக்குள் எப்போதும் உண்டு. தாத்தா வானத்தை அண்ணாந்து பார்க்காமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை என்று பாட்டி சொன்னது மட்டும் வசதியாக மறந்துவிட்டது.

வழக்கமாகக் கூட வரும் நண்பன் முந்தின ராத்திரி "பையனுக்குக் காய்ச்சல்டா, நீ போ" என்று செய்தி அனுப்பினான். உயிர் இறால் வாங்கியாகிவிட்டது, ஐஸ் வாங்கியாகிவிட்டது, பெட்ரோல் ஊற்றியாகிவிட்டது. எல்லாம் சேர்த்து ஒரு 180 வெள்ளி. அந்த 180 வெள்ளி வீணாகக் கூடாதே என்றுதான் தனியாகக் கிளம்பினேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது, கடைசியில் போன காசைப் பார்த்தால் உங்களுக்கும் வரும். வீட்டில் "ஜெரெஜாக் பக்கம் போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஜெரெஜாக் தீவு கரைக்கு எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரம். நான் உண்மையில் போனது தென்மேற்கே கெண்டித் தீவுக்கு. பத்து மாவுங்கிலிருந்து ரிமாவ் தீவைச் சுற்றிக்கொண்டு போனால், அமைதியான கடலில் என் படகுக்கு முக்கால் மணி நேரம். போகும் வழியில் மனம் மாறியது என்று சொல்ல ஆசைதான். பொய். முதலிலேயே கெண்டிதான் திட்டம். அவ்வளவு தூரம் தனியாக என்றால் மனைவி விடமாட்டாள் என்று தெரிந்துதான் மாற்றிச் சொன்னேன்.

வானிலை பார்க்காமல் போகவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியில் பார்த்தேன். காலையில் மழை இல்லை என்று இருந்தது, நிம்மதியாகத் தூங்கினேன். இங்கேதான் என் மாதிரி ஆட்கள் ஏமாறுகிற இடம். ராத்திரி பார்ப்பது நாளைய பொதுவான கணிப்பு. இடிமழை எச்சரிக்கை என்பது வேறு. மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் அறிகுறி தெரிந்த பிறகுதான் அதை வெளியிடுவார்கள், ஒரு முறை வெளியிட்டால் ஆறு மணி நேரத்துக்கு மேல் அது செல்லாது. ராத்திரி பத்து மணிக்கு இல்லாத எச்சரிக்கை காலை ஆறரைக்கு வரலாம். என் விஷயத்தில் அப்படித்தான் வந்தது. அந்த நேரம் என் கைப்பேசி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் பைக்குள், சத்தம் அணைத்துக் கிடந்தது.

அன்றைக்கு வந்த காற்றுக்கு ஊரில் சுமத்ரா என்றே பெயர். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் ராத்திரியில் சுமத்ரா பக்கமும் மலாக்கா நீரிணையிலும் இடிமேகங்கள் வரிசையாக உருவாகி, அந்த வரிசை அப்படியே கிழக்கே நகர்ந்து விடியும் நேரத்தில் நம் மேற்குக் கரையில் வந்து மோதும். ஒன்றிரண்டு மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விடும். மத்தியானம் மலைப்பக்கம் கருத்து, சாயங்காலம் கொட்டும் மழைதான் நமக்கெல்லாம் பழக்கம். விடிகாலை என்றால் கடல் தூங்கும் என்று நாமாகவே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். தூண்டில்காரன் கடலில் இருக்கும் அதே நேரத்தில்தான் சுமத்ராவும் வருகிறது.

இடி கேட்காத மின்னலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இது எனக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கு வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இடிச் சத்தம் பதினைந்து கிலோமீட்டர் தாண்டினாலே சாதாரணமாகக் காதுக்கு எட்டாது. மின்னல் வெளிச்சம் இருட்டில் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும். சத்தமில்லாமல் மின்னுகிறது என்றால் மின்னல் தூரத்தில் இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆபத்தில்லை என்று அர்த்தம் இல்லை. சுமத்ரா வரிசை மணிக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர் நகரும். நூறு கிலோமீட்டர் என்றால் இரண்டு மணி நேரம். ஐந்தரைக்கு மின்னல் பார்த்தேன். ஏழரைக்கு அது என் தலைமேல் நின்றது. இந்த வகுத்தல் கணக்கு என் மகனுக்கே வரும், மூன்றாம் வகுப்பு படிக்கிறான்.

ஆறே காலுக்கெல்லாம் கெண்டியில் நங்கூரம் போட்டுவிட்டேன். பாறை இடுக்கு, நல்ல இடம். ஆறே முக்காலுக்கு முதல் களவா மீன், ஒன்றரைக் கிலோ இருக்கும். அடுத்து இன்னொன்று கடித்து நூலை அறுத்துக்கொண்டு போனது. என் முகம் கிழக்கே பார்த்து இருந்தது. பெருநிலத்துக் குன்றுகளுக்கு மேலே வானம் வெளுத்து, மாம்பழ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு படம்கூட எடுத்தேன். காற்று அப்படியே நின்றுபோனது, கடல் எண்ணெய் ஊற்றியது மாதிரி வழுவழுவென்று ஆனது. 'ஆகா, என்ன அமைதி' என்று நினைத்தேன். உடம்பெல்லாம் பிசுபிசுத்தது. முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஏழு மணி தாண்டும் வரை திரும்பிப் பார்க்கவே இல்லை.

திரும்பியதும் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பெரிய கோரைப்பாயைச் சுருட்டி வானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை கிடத்தினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கரும் மேகம், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, நீளமாக. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம், தொடுவானம் என்று ஒன்றே இல்லை. பின்கழுத்தில் சில்லென்று ஒரு காற்று பட்டது, ஏர்கான் கடைக் கதவைத் திறந்தால் அடிக்குமே, அது. மேகத்துக்குள் மழையோடு சேர்ந்து விழும் குளிர்ந்த காற்று கடலில் மோதி முன்பக்கமாக விரிந்து ஓடி வருவதுதான் அது. மழை வருவதற்கு முன்பே காற்று வந்துவிடும். நான் அதுவரை மழைக்குத்தான் பயப்படுவேன். படகைக் கவிழ்ப்பது அதற்கு முன்னால் வரும் இந்தக் காற்றுதான்.

கிளம்பலாம் என்று நங்கூரத்தை இழுத்தால் பாறையில் சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் இழுத்தேன், அந்தப் பக்கம் இழுத்தேன், எஞ்சினைப் போட்டுச் சுற்றிவந்து இழுத்தேன். கயிறும் நங்கூரமும் சேர்த்து 180 வெள்ளி (அந்த நம்பர் என்னை விடவே இல்லை). பத்து நிமிடம் அதிலேயே போனது. கடைசியில் அறுக்கலாம் என்றால் கத்தி மீன் கூடைக்கு அடியில், தேடி எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் பத்து நிமிடம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட விலை கூடியது. இப்போது கத்தி என் மிதவைச் சட்டையிலேயே தொங்குகிறது. சிக்கிய நங்கூரத்துக்கு ஒரே ஒரு இழு, வரவில்லையென்றால் அறு.

அடுத்த தப்பு அதைவிடப் பெரியது. கெண்டியிலிருந்து கெர்த்தாக் சங்குல் கரை வடக்கே பக்கம்தான், பத்து மாவுங் தூரத்தில் பாதிகூட இல்லை. அங்கே ஓடிப்போய் மணலில் ஏற்றியிருந்தால் நனைந்த சட்டையோடு கதை முடிந்திருக்கும். ஆனால் என் கார் பத்து மாவுங்கில், டிரெய்லர் பத்து மாவுங்கில், அதனால் படகின் மூக்கும் பத்து மாவுங்கைப் பார்த்தே திரும்பியது. புயலில் வீட்டுக்கு ஓடக் கூடாது, பக்கத்துக் கரைக்கு ஓட வேண்டும். என் படகு முழு வேகத்தில் 25 கிலோமீட்டர் ஓடும். பின்னால் துரத்துவது 50. இந்தப் பந்தயத்தில் ஜெயிப்போம் என்று எந்தக் கணக்கில் நினைத்தேனோ தெரியவில்லை.

பத்து நிமிடம் ஓடியிருப்பேன். ரிமாவ் பக்கம் இன்னும் ஆறேழு கிலோமீட்டர். பின்னாலிருந்து யாரோ தள்ளிய மாதிரி படகு ஒரு குலுங்கு குலுங்கியது. அதுவரை பட்டுத்துணி மாதிரி கிடந்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் விழுந்தது. ஐந்து நிமிடத்துக்குள் அலை என் நெஞ்சு உயரம். நீரிணைத் தண்ணீர் ஆழம் குறைவு, அதனால் அலை நீளமாக எழுந்து விழாது. குட்டை குட்டையாக, செங்குத்தாக, ஒன்று போவதற்குள் அடுத்தது வரும். நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, காற்று எதிர்ப்பக்கம் தள்ள, அலையின் முகம் சுவர் மாதிரி நின்றது. வானிலைத் துறை பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் என்று முதல் நிலை எச்சரிக்கை கொடுப்பதே மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் காற்றுக்குத்தான். சின்னப் படகுக்கும் பொழுதுபோக்குப் படகுக்கும் ஆபத்து என்று அதிலேயே எழுதியிருக்கும். முதல் நிலைதானே என்று சாதாரணமாகப் படித்துவிட்டுப் போனவன் நான். பதினேழு அடிக்கு முதல் நிலையே கடைசி நிலை.

மிதவைச் சட்டை எங்கே இருந்தது தெரியுமா? என் இருக்கையில், குஷனாக. உட்கார்ந்து உட்கார்ந்து தட்டையாகிப் போயிருந்தது. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கையால் அதை மாட்டப் பார்த்தேன். மூன்று கொக்கியில் இரண்டுதான் விழுந்தது, மூன்றாவதைக் கடைசி வரை போடவே முடியவில்லை. கரையிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள். வெயிலில் வேர்க்கும்தான், வேர்க்கட்டும்.

அலை பின்னாலிருந்து வரும்போது அலையோடு ஓடினால் சுகமாகத்தான் இருக்கும், படகு வழுக்கிக்கொண்டு போகும். அதுதான் பொறி. அலையின் முதுகில் ஏறி, இறங்கும்போது மூக்கு குத்தியது. வேகத்தைக் குறைத்தேன். குறைத்தவுடன் பின்னால் வந்த அலை எஞ்சின் மாட்டியிருக்கும் பலகையைத் தாண்டி மொத்தமாக உள்ளே விழுந்தது. எஞ்சின் 'கர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றும் இல்லை. அந்த நிசப்தம் இடியைவிட மோசம். நேரம் ஏழே முக்கால் இருக்கும். மழை வந்து அறைந்தது, நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. படகு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது, ஒவ்வொரு அலையும் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே போட்டுவிட்டுப் போனது. தண்ணீர் இறைக்கும் பம்ப்பைத் தட்டினேன், ஓடவில்லை. பேட்டரி தண்ணீருக்குள்.

செய்திருக்க வேண்டியது என்ன என்று பின்னால் தெரிந்துகொண்டேன். காற்று தொடும் முன்பே வேகத்தைக் குறைத்து, மூக்கைத் திருப்பி, அலையை நேராக வாங்காமல் கொஞ்சம் சாய்வாக, ஒரு நாற்பத்தைந்து பாகையில் வாங்கிக்கொண்டு, எஞ்சினை மெதுவாக ஓட்டியபடி அந்த இடத்திலேயே தாக்குப்பிடிப்பது. எங்கும் போக வேண்டாம், மூக்கு காற்றைப் பார்த்து நின்றால் போதும். தாத்தா காலத்து ஆட்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். அணியத்தை அலைக்குக் காட்டு, முதுகைக் காட்டாதே என்று எனக்குச் சொல்லித்தர ஆள் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மழை இரைச்சலுக்கு நடுவே, தேனடைக்குப் பக்கத்தில் காதை வைத்தால் கேட்குமே, அப்படி ஒரு ரீங்காரம். எங்கிருந்து என்று தேடினால், செருகி நிறுத்தியிருந்த இரண்டு தூண்டில் கோல்களும் பாடிக்கொண்டிருந்தன. கையில் ரோமம் நட்டமாக நின்றது. கார்பன் கோல்கள், ஏழடி உயரம், சுற்றிலும் வெறும் கடல், அதில் எல்லாவற்றையும்விட உயரமாக அவைதான். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். பாய்ந்து போய் இரண்டையும் பிடுங்கி கடலில் எறிந்தேன். 900 வெள்ளி. அந்த நிமிடத்தில் அவற்றைத் தொட்டதே மடத்தனம் என்று இப்போது தெரியும். மேகத்தைப் பார்த்தவுடனேயே கீழே படுக்க வைத்திருக்க வேண்டும். எறிந்துவிட்டு நடுவில், தண்ணீர் தேங்கிய தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்தேன். எஞ்சினைத் தொடவில்லை, இரும்பைத் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் வெள்ளை வெளிச்சம், ஒன்று என்று எண்ணுவதற்குள் இடி. மூக்கில் தீய்ந்த வாடை. எவ்வளவு பக்கத்தில் விழுந்தது என்று தெரியாது. அம்மா என்று கத்தினேன், அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது.

மின்னலைப் பார்த்து இடி கேட்கும் வரை எண்ணி, மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அப்போதே கரையில் இருந்திருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி இறங்கலாம். கூரை இல்லாத ஃபைபர் படகு மின்னலுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. கூட இருப்பவர் மேல் மின்னல் விழுந்துவிட்டால் தொடப் பயப்பட வேண்டாம், அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சு நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியை எடுத்தேன். 999 அடித்து கடலில் ஆபத்து என்று சொன்னால் கடல்சார் அமலாக்க நிறுவனத்துக்குத் தகவல் போகும், அது எனக்குத் தெரியும். ஆனால் திரை நனைந்தால் விரலுக்குக் கட்டுப்படாது என்பது தெரியாது. மழைத்துளியே அதைத் தொட்டுத் தொட்டு எதையெல்லாமோ திறந்தது. ஒன்பதை அழுத்தினால் ஆறு விழுந்தது. சட்டைக்குள் வைத்துத் துடைத்து மறுபடி முயலும்போது ஒரு அலை, கைப்பேசி காலடித் தண்ணீருக்குள் போய் அணைந்தது. தண்ணீர் புகாத உறை கடையில் முப்பது வெள்ளிதான்.

மீதி இருந்த கயிற்றை மூக்கில் கட்டி, மறுமுனையில் பெரிய பிளாஸ்டிக் வாளியைக் கட்டிக் கடலில் விட்டேன். எங்கோ வீடியோவில் பார்த்தது, தோன்றியது, செய்தேன். வாளி தண்ணீரில் இழுபட்டதும் மூக்கு மெல்ல மெல்லக் காற்றுப் பக்கம் திரும்பியது. பக்கவாட்டில் விழுந்த அலை முன்னால் உடைய ஆரம்பித்தது. அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் அதுதான். ஐஸ் பெட்டி மூடியால் தண்ணீரை வாரி வாரி ஊற்றினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கை தானாக வேலை செய்தது, வாய் தானாக ஏதோ முணுமுணுத்தது.

மழைத்திரை கொஞ்சம் விலகியபோது ரிமாவ் தீவின் பாறைகள் தெரிந்தன. காற்று என்னை நேராக அங்கேதான் தள்ளிக்கொண்டிருந்தது. நங்கூரம் இருந்தால் போட்டு நிறுத்தியிருப்பேன், அதுதான் கெண்டியில் கிடக்கிறதே. நீந்திவிடலாமா என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, கால் எழவில்லை. கவிழ்ந்தாலும் படகை விட்டுப் போகக் கூடாது, ஃபைபர் படகு தலைகீழாகவாவது மிதக்கும், தேடி வருபவர் கண்ணில் தனித்தலை தெரியாது என்று என்னை இழுத்துவந்த மீனவர் பிறகு சொன்னார்.

எட்டே முக்கால் மணிக்கு, ஸ்விட்ச் போட்ட மாதிரி, காற்று விட்டது. சாதாரண தூறல். ஒரு மலாய்க்கார மீனவர் மறைவிலிருந்து தன் படகைக் கிளப்பி வந்தார். வயது அறுபது தாண்டியிருக்கும். விடிவதற்கு முன்பே வானத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றவர். கயிற்றை வீசினார். "தனியாவா?" என்று கேட்டார். "ஆமா, பாக் சிக்" என்றேன், மலாயில் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அதற்கு மேல் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கரைக்கு வந்ததும் பெட்ரோலுக்கு என்று 200 வெள்ளி நீட்டினேன். ஐம்பதுதான் எடுத்துக்கொண்டார்.

அவர் கைப்பேசியில் வீட்டுக்குப் பேசினேன். அந்த எச்சரிக்கை மனைவிக்கு வாட்சாப்பில் வந்திருந்தது. அவள் ஜெரெஜாக் பக்கம் என்று நினைத்து ஜெட்டிக்கு (படகுத்துறைக்கு) என் நண்பனை அனுப்பித் தேடவைத்திருக்கிறாள். "என்னங்க, எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள். கெண்டி என்று சொன்னேன். வைத்துவிட்டாள். இரண்டு நாள் பேச்சு இல்லை. அலையைவிட அதுதான் எனக்கு உறைத்தது. ஏதாவது ஆகியிருந்தால் தப்பான கடலில் தேடியிருப்பார்கள்.

அந்த இரண்டு நாளும் நான் படகுப் பக்கம் போகவில்லை, பார்க்கவே பிடிக்கவில்லை. அதற்கும் தண்டம் கட்டினேன். மூன்றாம் நாள் எஞ்சினைக் கொண்டுபோனபோது மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழற்றிக் காட்டினார், காப்பிப் பொடி நிறத்தில் துரு. "உப்புத் தண்ணி குடிச்ச எஞ்சின், தம்பி. அன்னைக்கே பிளக்கைக் கழட்டி தண்ணிய வெளிய தள்ளி, நல்ல தண்ணியில அலசி, எண்ணெய் அடிச்சு ஓட்டியிருந்தா முந்நூறு நானூறோட போயிருக்கும். ரெண்டு நாள் ஊற வெச்சுக் கொண்டாந்திருக்கியே" என்றார். பில் 3,800 வெள்ளி. மீன் காட்டும் கருவி 1,200, கைப்பேசி 1,600, கோல்கள் 900, நங்கூரம் 180, பாக் சிக்குக்கு ஐம்பது. மொத்தம் 7,730. நாலு நாள் லீவு தனி. இன்சூரன்ஸ் எடுத்திருக்கவில்லை. அந்த ஒன்றரைக் கிலோ களவாவும் எந்த அலையில் போனதோ.

இப்போதும் போகிறேன். ஆனால் ராத்திரி பார்த்ததை நம்புவதில்லை. காலையில் இறக்குவதற்கு முன் ஜெட்டியில் நின்றே ரேடார் படத்தைப் பார்ப்பேன். மேற்கே கடலில் சிவப்பும் மஞ்சளுமாக வடக்கு தெற்காக ஒரு கோடு இருந்தால், அது எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இறக்குவதில்லை. படமே திறக்காவிட்டால் பத்து நிமிடம் இருட்டில் நின்று மேற்கைப் பார்ப்பேன், ஒரு வெட்டு வெட்டினாலும் போதும். கையடக்க ரேடியோ ஒன்று வாங்கியிருக்கிறேன், அவசர அழைப்புக்கு 16-ஆம் அலைவரிசை. வாங்கும்போதே லைசென்ஸ் விஷயத்தையும் கேட்டு முடித்துவிடுங்கள். எங்கே போகிறேன், எத்தனை மணிக்குள் கூப்பிடுவேன், கூப்பிடாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று மனைவிக்கு எழுதி அனுப்பிவிட்டுத்தான் எஞ்சினைத் தட்டுவேன், உண்மையான இடத்தின் பெயரோடு. கடலில் இருக்கும்போது அரை மணிக்கு ஒரு முறை முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்க கைக்கடிகாரத்தில் அலாரம். கூட வருகிறவன் சிரிக்கிறான், சிரிக்கட்டும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஐந்து மணிக்கு ஜெட்டியில் நின்றபோது மேற்கே சத்தமில்லாமல் மின்னியது. டிரெய்லரைத் திருப்பிவிட்டேன். பக்கத்தில் ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், படகை இறக்கிக்கொண்டிருந்தான். "தம்பி, மேற்கே பாரு, வேணாம்" என்றேன். "அது தூரம்ணே" என்றான். என் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன், கேட்டுக்கொண்டான், போய்விட்டான். கடையில் உட்கார்ந்து இரண்டு கோப்பி குடித்தேன். ஏழு மணி, எட்டு மணி, வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை, வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது போல. ஒன்பதரைக்குப் பையன் திரும்பி வந்தான், கூடையில் இரண்டு கொடுவா. "மழையே வரலியேண்ணே" என்று சிரித்தான். ஒரு கொடுவாவை 35 வெள்ளிக்கு அவனிடமே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.